பைபாஸுக்குப் பின் நெஞ்சுப் புண்ணில் சீழ்: மாத்திரையில் தீருமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 62, எடை 70 கிலோ. 15 வருடமாகச் சர்க்கரை நோய். 20 நாளுக்கு முன் பைபாஸ் ஆபரேஷன் நடந்து, எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தார். ஒரு வாரமாகத் தையலின் அடிமுனையில் கசிவு இருக்கிறது. முதலில் சிவந்த நீராக வந்தது, இப்போது மஞ்சளாக வருகிறது. பக்கத்து டாக்டர் கொடுத்த அமாக்சிசிலின் கிளாவுலனேட் மாத்திரையை ஐந்து நாள் போட்டும் நிற்கவில்லை. இருமும்போது நெஞ்சுக்குள் ‘கடக்’ என்று ஏதோ அசைகிறது என்கிறார். சர்க்கரை 260. ஆபரேஷன் செய்த மருத்துவமனையில் காட்டினோம். மறுபடி திறந்து கம்பியை எடுத்து, மெஷின் வைத்து உறிஞ்ச வேண்டும், தேவைப்பட்டால் தசையைத் திருப்பி மூட வேண்டும் என்கிறார்கள். அப்பாவோ, “இன்னொரு தடவை நெஞ்சைத் திறக்க விடமாட்டேன், வேறு நல்ல மாத்திரை கேட்டு வா” என்கிறார். திறந்தால் பைபாஸ் வீணாகிவிடுமா? முட்டையும் பருப்பும் சீழ் பிடிக்கும் என்று சொந்தக்காரர்கள் நிறுத்தச் சொன்னதால், இப்போது கஞ்சியும் ரசம் சாதமும்தான் சாப்பிடுகிறார். மூன்று வயதுப் பேரன் அவர் பக்கத்தில் போகலாமா?
— தென்மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சீழைவிட எனக்குக் கவலை தருவது அந்த ‘கடக்’ சத்தம்தான். ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரத்தில், கசிகிற புண்ணோடு மார்பெலும்பும் அசைகிறது என்றால், வேறு விதமாக நிரூபணமாகும் வரை அதை எலும்புக்குள்ளும் அதன் பின்னாலும் பரவிய ஆழ்ந்த தொற்று என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மாத்திரை கிடையாது. எவ்வளவு விலை உயர்ந்த ஊசியும் தனியாக அதைத் தீர்க்காது. மருத்துவமனையில் சொன்னது சரியான வைத்தியம். இதைப் படிக்கிற அன்றே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேருங்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதை அப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள். நடப்பது என்னவென்று புரிந்தால் பயம் பாதி குறையும்.

பைபாஸுக்காக மார்பெலும்பை மேலிருந்து கீழாக நடுவில் அறுக்கிறார்கள். முடிந்ததும் இரண்டு பாதிகளையும் சேர்த்து, பொதுவாக ஆறு முதல் எட்டு எஃகுக் கம்பிகளால் முறுக்கிக் கட்டுகிறார்கள். எலும்பு கூடி இறுக 8 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை இரண்டு பாதிகளையும் பிடித்து வைத்திருப்பது அந்தக் கம்பிகள் மட்டும்தான். கம்பி தளர்ந்தாலோ, எலும்பையே அறுத்துக்கொண்டு நகர்ந்தாலோ, ஒவ்வொரு இருமலிலும் இரண்டு பாதிகளும் உரசும். நடுவில் இடைவெளி விழும், அதில் நீர் சேரும், தோலிலிருக்கும் கிருமி அந்த வழியாக உள்ளே இறங்கும். சில பேருக்கு இது தலைகீழாகவும் நடக்கும்: கிருமி முதலில் எலும்பை அரித்து, பிறகு கம்பி தளரும். எது முதலில் வந்தாலும் வைத்தியம் ஒன்றே.

அப்பாவுக்கு இது ஏன் வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட நேரத்தில் வீட்டில் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்வது வழக்கம். பைபாஸுக்கு மார்பின் உள்பக்கம் ஓடும் இடது மார்புத் தமனியைப் பிரித்து எடுத்து இதயத்தில் இணைப்பது இன்றைய வழக்கம். நீண்ட காலம் அடைபடாமல் உழைக்கும் குழாய் அதுதான். ஆனால் மார்பெலும்பின் இடது பாதிக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்ததும் அதே தமனி. அதை எடுத்ததும் அந்தப் பாதிக்குச் சில வாரங்கள் ரத்தம் குறைகிறது. அதோடு சர்க்கரை, உடல் பருமன், பீடி சிகரெட், சிறுநீரகக் கோளாறு, எலும்புத் தேய்வு, ஆபரேஷன் அன்றே ரத்தக் கசிவுக்காக மறுபடி திறந்தது, வெண்டிலேட்டரில் நீண்ட நாள் இருந்தது ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்தால் ஆபத்து ஏறும். எல்லா ஏற்பாடும் சரியாக இருக்கும் இடங்களிலும் 100 பேரில் 1 முதல் 3 பேருக்கு ஆழ்ந்த தொற்று வரத்தான் செய்கிறது.

தோலோடும் அதன் கீழிருக்கும் கொழுப்போடும் நின்றுவிட்ட தொற்று வேறு வகை. அதில் எலும்பு அசையாது, காய்ச்சல் பெரிதாக இருக்காது. அந்த இடத்துத் தையலை மட்டும் பிரித்து, சீழை வெளியேற்றி, சலைன் விட்டுக் கழுவி, தினமும் டிரெஸ்ஸிங் செய்து, 7 முதல் 14 நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். பக்கத்து டாக்டர் அந்த வகை என்று நினைத்துத்தான் மாத்திரை கொடுத்திருப்பார். மேலே பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். தையலின் அடிமுனையில் ஒரு மிளகு அளவு ஓட்டை தெரியும், பின்னால் ஒரு கிண்ணம் சீழ் தேங்கியிருக்கும். உட்கார்ந்தாலும் நின்றாலும் நீர் அந்தப் பக்கம்தான் இறங்கும் என்பதால் ஆழ்ந்த தொற்றும் முதலில் அங்கேதான் வாய் திறக்கிறது. அதனால் ஓட்டையின் அளவை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

எலும்பு அசைகிறதா என்று பார்க்க அறுவை மருத்துவர் தையலின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை லேசாக வைத்து இருமச் சொல்வார். இரண்டு பாதிகளும் தனித்தனியே நகர்வது கைக்குத் தெரியும். வீட்டில் யாரும் அழுத்திப் பார்க்க வேண்டாம். எலும்பின் கூரான விளிம்புக்கு நேர் பின்னால் இருப்பது இதயத்தின் வலது கீழறை.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற அளவு ஆபரேஷன் முடிந்த எல்லோருக்கும் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். இறங்கியது மறுபடி ஏறினால்தான் சந்தேகம். அதனால் டிஸ்சார்ஜ் ஆன நாளில் அது எவ்வளவு இருந்தது என்ற பழைய ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். சி.டி. ஸ்கேனில் எலும்பு விலகியிருப்பதும், பின்னால் நீரும் காற்றும் தேங்கியிருப்பதும் தெரியும். ஆனால் முதல் இரண்டு வாரத்தில் நன்றாக ஆறுகிறவர்களுக்கும் அங்கே கொஞ்சம் நீரும் காற்றும் இருக்கும். அதனால் ஸ்கேனில் தெரிவது வழக்கமானதுதான் என்று யாராவது சொன்னாலும், எலும்பு அசைந்து சீழும் வந்தால் ஸ்கேனைவிட உடம்பு சொல்வதையே நம்ப வேண்டும். சாய ஊசி போட்டு ஸ்கேன் எடுப்பதாக இருந்தால் முதலில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் க்ரியாட்டினின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி, மாத்திரை ஏன் போதாது என்பதற்கு வருகிறேன். இந்தப் புண்ணில் அதிகம் காணப்படுபவை ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், தோலில் சாதாரணமாக வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், அடுத்து ஈ.கோலி, க்ளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற, குடலிலும் ஈரமான இடங்களிலும் வாழும் கிருமிகள். எபிடெர்மிடிஸில் பெரும்பாலானவையும், ஆரியஸில் எம்.ஆர்.எஸ்.ஏ. எனப்படும் வகையும் அமாக்சிசிலின் கிளாவுலனேட்டுக்கு அடங்காதவை. சூடோமோனாஸுக்கு அந்த மருந்து வேலையே செய்யாது. சரியான மருந்தே கொடுத்தாலும் அது ரத்தம் போகிற இடம் வரைக்கும்தான் போகும். செத்த எலும்புத் துண்டுக்குள் ரத்த ஓட்டம் இல்லை. கம்பியின் மேல், குளத்துப் படியில் பாசி படிவதுபோல், கிருமி வழவழப்பான ஒரு படலம் கட்டிக்கொள்கிறது. அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமியை மருந்து கொல்ல முடியாது. கம்பியையும் செத்த எலும்பையும் எடுத்துப்போட்டால்தான் அது போகும்.

அரைகுறையாக மாத்திரை போடுவதில் இன்னொரு கெடுதலும் உண்டு. சீழில் எந்தக் கிருமி இருக்கிறது, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று சொல்வது கல்ச்சர் பரிசோதனை. ஏற்கெனவே மருந்து உள்ளே போயிருந்தால் கல்ச்சரில் எதுவும் வளராமல் போகலாம். பிறகு வாரக் கணக்கில் குருட்டாம்போக்கில் மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் இன்று முதல் வேறு எந்த ஆன்டிபயாடிக்கையும் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். இதுவரை என்ன மருந்து, எத்தனை நாள், கடைசி வேளை எப்போது என்று ஒரு தாளில் எழுதிக்கொடுங்கள். அப்பாவுக்குக் குளிர்க்காய்ச்சலோ ரத்த அழுத்தக் குறைவோ இல்லையென்றால், ஆபரேஷன் மேஜையில் மாதிரி எடுத்த பிறகு மருந்தை ஆரம்பிப்பதுதான் நல்லது. காய்ச்சலும் நடுக்கமும் இருந்தால் தாமதிக்க முடியாது. இரண்டு இடத்தில் ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு உடனே ஊசியை ஆரம்பிப்பார்கள். புண்ணின் மேல் பஞ்சால் துடைத்து அனுப்பும் மாதிரியை நான் பெரிதாக நம்புவதில்லை. அதில் தோல் கிருமியும் சேர்ந்து வளரும். உள்ளிருந்து மூன்று நான்கு திசுத் துண்டுகள், எலும்புத் துணுக்கு, எடுத்த கம்பி இவற்றை அனுப்ப வேண்டும். “டிஷ்யூ கல்ச்சர் அனுப்புவீர்களா டாக்டர்?” என்று நீங்களே கேட்கலாம்.

ஆபரேஷனில் நடப்பது இதுதான். மயக்க மருந்து கொடுத்து, பழைய தையல் கோட்டிலேயே திறப்பார்கள். கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பார்கள். சீழை வெளியேற்றி, மாதிரிகள் எடுத்து, கறுத்த திசுவையும், அறுத்தால் ரத்தம் கசியாத எலும்பையும் ரத்தம் கசியும் இடம் வரும் வரை நீக்குவார்கள். விலா எலும்பு முனையிலுள்ள குருத்தெலும்பிலும் தொற்று ஏறியிருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்த ஓட்டம் கிடையாது, விட்டுவைத்தால் மாதக் கணக்கில் சீழ் வைத்துக்கொண்டே இருக்கும். பிறகு பல லிட்டர் சலைனால் கழுவுவார்கள். எலும்பு நன்றாக இருந்து, தொற்றும் ஆரம்ப நிலையில் இருந்தால் அன்றே புதுக் கம்பி போட்டு மூடிவிடுவதும் உண்டு. சீழ் அதிகமாக இருந்தால் மூட மாட்டார்கள், மூடவும் கூடாது.

மெஷின் என்று சொன்னது வேக்குவம் டிரெஸ்ஸிங்கை. இதில் முக்கியமான விவரம் அடியில் இருக்கிறது. இதயத்தின் மேலும், எலும்பு விளிம்புக்குப் பின்னாலும் முதலில் ஒட்டாத பாரஃபின் வலையோ சிலிக்கான் ஷீட்டோ பல அடுக்காக விரிப்பார்கள். அதன் மேல் புண்ணின் அளவுக்கு வெட்டிய ஸ்பாஞ்ச், அதன் மேல் காற்றுப் புகாத பிளாஸ்டிக் ஒட்டு, அதில் ஒரு குழாய். மெஷின் 75 முதல் 125 மில்லிமீட்டர் பாதரச அளவு எதிரழுத்தத்தில் உறிஞ்சும். ஸ்பாஞ்ச் சுருங்கிக் கல் போல ஆகும். அதுவே இரண்டு எலும்புப் பாதிகளையும் அசையாமல் பிடித்துக்கொள்ளும், நீரைத் தேங்க விடாமல் இழுக்கும், புதுச் சதை வளரவும் தூண்டும். இந்த முறை பரவுவதற்கு முன் நெஞ்சைத் திறந்தபடி துணி திணித்து, நோயாளியை வெண்டிலேட்டரிலேயே பல நாள் படுக்கவைக்க வேண்டியிருந்தது. இப்போது பெரும்பாலானவர்கள் மெஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், வராந்தாவில் நடக்கிறார்கள். “நெஞ்சைத் திறந்து போட்டுவிடுவார்கள்” என்று அப்பா நினைப்பது அந்தப் பழைய காலத்துக் காட்சியைத்தான்.

ஸ்பாஞ்சை 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றுவார்கள். முதல் சில மாற்றங்கள் ஆபரேஷன் தியேட்டரில்தான் நடக்கும். மெஷினின் பெட்டியில் சேரும் நீர் முதலில் கலங்கலாகவும், பிறகு இளஞ்சிவப்பாகவும், பிறகு தெளிவாகவும் மாறும். கூடவே இருக்கும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் ஆபத்து உண்டு. குழாயில் திடீரென்று ரத்தமாக ஓடினால் மெஷினை உடனே நிறுத்தி, கத்திக் கூப்பிடுங்கள். டிரெஸ்ஸிங்கைப் பிரிக்காதீர்கள், அதன் மேலேயே கையால் அழுத்திப் பிடியுங்கள். இது அரிதுதான். வலது கீழறையோ பைபாஸ் குழாயோ கிழிந்திருந்தால் இப்படி வரும், நிமிடக் கணக்கில் மருத்துவர் வந்தாக வேண்டும். இந்த வைத்தியத்தை இதய அறுவைப் பிரிவு இல்லாத இடத்தில் செய்யவே கூடாது என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணமும் இதுதான். செலவுக்குப் பயந்து உள்ளூர் நர்ஸிங் ஹோமில் திறக்க விடாதீர்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனை, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போன்ற இடங்களில் இதய அறுவைத் துறையும் பிளாஸ்டிக் சர்ஜரித் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. முடிந்த வரை முதல் ஆபரேஷன் செய்த குழுவிடமே போவது நல்லது. உள்ளே எந்தக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

புண் சுத்தமாகி, சி.ஆர்.பி. இறங்கியதும் மூடுவார்கள். சிலருக்கு ஒரு வாரத்தில், சிலருக்கு மூன்று வாரத்தில். எலும்பு மிச்சம் நன்றாக இருந்தால் கம்பியோ டைட்டானியம் தகடோ வைப்பார்கள். எலும்பு நொறுங்கியிருந்தால் தசை. மார்பின் இரண்டு பக்கமும் உள்ள பெக்டோரலிஸ் தசையை அதன் ரத்தக் குழாயோடு பிரித்து நடுவுக்கு நகர்த்தி, பள்ளத்தை நிரப்பித் தோலை மூடுவார்கள். அது போதாத ஆழமான பள்ளத்துக்கு, குடலுக்கு முன்னால் திரை போலத் தொங்கும் ஓமென்டம் என்ற கொழுப்பு மடிப்பை மேலே கொண்டுவருவதும் உண்டு. ரத்த ஓட்டம் நிறைந்த திசு வந்து சேர்வதுதான் இங்கே மருந்து. அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் 1980-இல் இந்தத் தசை முறையை விரிவாக எழுதிய பிறகுதான் இந்த நோயில் பிழைப்பவர்களின் எண்ணிக்கை கூடியது. தசையை நகர்த்திய பிறகு கனமான பொருளைத் தள்ளும் வலு கொஞ்சம் குறையும். சட்டை போடுவது, தலை வாருவது, நடப்பது, வண்டி ஓட்டுவது எதற்கும் தடையிருக்காது. தசைக்கடியில் நீரை வெளியேற்ற வைத்த டிரெயின் குழாயை, நீர் நன்றாகக் குறையும் வரை அவசரப்பட்டு எடுக்கச் சொல்லாதீர்கள். சீக்கிரம் எடுத்தால் தசைக்கடியில் மறுபடி நீர் தேங்கும்.

பைபாஸ் வீணாகுமா என்பதற்கு நேரான பதில்: திறந்து சுத்தம் செய்வதால் பைபாஸ் வீணாவதில்லை. குழாய்கள் இதயத்தின் மேல்பரப்பில் இருக்கின்றன, அவற்றைத் தொடாமல்தான் வேலை நடக்கும். சீழை அப்படியே விட்டால்தான் குழாய்ச் சுவர் அரித்து ரத்தம் கொட்டும் ஆபத்து. மறைக்காமல் சொல்கிறேன், ஆழ்ந்த தொற்று உயிருக்கு ஆபத்தானதுதான். இப்போது வரும் மருத்துவத் தொகுப்புகளில் இறப்பு பெரும்பாலும் 100-க்கு 5 முதல் 20 வரை இருக்கிறது. கிருமி ரத்தத்தில் பரவி, சிறுநீரகம் பழுதான பிறகு வருபவர்கள்தான் அதில் அதிகம். அப்பா இன்னும் நடமாடிக்கொண்டு, பேசிக்கொண்டு இருக்கிறார். இந்த நிலையில் போவதற்கும் நாலு நாள் கழித்துப் போவதற்கும் வித்தியாசம் பெரிது.

ஆன்டிபயாடிக் ஊசி கடைசியாகச் சுத்தம் செய்த நாளிலிருந்து எண்ணி 4 முதல் 6 வாரம் நடக்கும். கல்ச்சர் வரும் வரை வான்கோமைசினோடு, பைபராசிலின் டாசோபாக்டம் அல்லது மெரோபெனம் போன்ற ஒன்றைச் சேர்ப்பது வழக்கம். ரிசல்ட் வந்ததும் தேவையில்லாததை நிறுத்திவிட வேண்டும். சாதாரண ஆரியஸ் என்று வந்தால் செஃபசோலினோ க்ளாக்சசிலினோதான் வான்கோமைசினைவிட நல்ல மருந்து. “பெரிய மருந்து”தான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடிக்காதீர்கள். வான்கோமைசின் 1 கிராமை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். அதன் ரத்த அளவையும் க்ரியாட்டினினையும் வாரம் இரண்டு முறையாவது பார்க்க வேண்டும். லினசோலிட் என்ற ஆன்டிபயாடிக் இரண்டு வாரத்தைத் தாண்டினால் தட்டணுக்கள் குறையலாம், வாரா வாரம் ரத்த எண்ணிக்கை தேவை. இன்சுலின் போடுகிறவர்களுக்கு அது சர்க்கரையைத் திடீரென இறக்கவும் செய்யும்.

ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் சேர்த்தால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அது கல்லீரலைத் தூண்டி ஸ்டாட்டின் (கொழுப்பு மாத்திரை), மெட்டோப்ரோலால் (ரத்த அழுத்த, இதய மாத்திரை), க்ளிமெபிரைடு (சர்க்கரை மாத்திரை) போன்றவற்றின் வேலையைக் குறைக்கும், ரத்தம் உறையாமல் காக்கும் க்ளோபிடோக்ரெலின் வேலையைக் கூட்டும், அதே போன்ற வார்ஃபரின் மாத்திரை போடுபவர்களுக்கு, ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவைக் கீழே தள்ளும். டிஸ்சார்ஜ் ஆகும்போது மாத்திரைப் பட்டியல் முழுவதையும் இதய மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஆஸ்பிரினையும் க்ளோபிடோக்ரெலையும் ஆபரேஷன் வரப்போகிறது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். கடைசியாக எப்போது போட்டார் என்று மட்டும் சொல்லுங்கள்.

சர்க்கரை 260 இருக்கிற வரை புண் ஆறாது. வெள்ளணுக்கள் அந்தச் சர்க்கரையில் கிருமியைப் பிடித்து விழுங்கும் வேலையை மந்தமாகச் செய்யும். மருத்துவமனையில் இன்சுலின் டிரிப்ஸ் மூலம் 140-க்கும் 180-க்கும் நடுவில் வைத்திருப்பார்கள். போர்ட்லண்ட் நகரில் செய்து 1999-இல் வெளியான ஆய்வில், ஆபரேஷன் காலத்தில் ஊசிக்குப் பதில் தொடர்ந்து இன்சுலின் டிரிப்ஸ் கொடுத்ததாலேயே சர்க்கரை நோயாளிகளின் ஆழ்ந்த தொற்று 2 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. அப்பா டாபாக்ளிஃப்ளோசின் அல்லது எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை போடுகிறாரா என்று பாருங்கள். இதய நோயாளிகள் பலருக்கு இப்போது இது எழுதப்படுகிறது. தொற்றும் பட்டினியும் ஆபரேஷனும் சேரும்போது அது, சர்க்கரை அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் சேர வைக்கும். சேர்க்கும்போதே முதல் வரியாக இதைச் சொல்லுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. பருப்பு சீழ் பிடிக்கும், முட்டை சூடு, மீன் அரிக்கும் என்று நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் சீழை உண்டாக்குவது கிருமி. புண் மூடுவதற்கும் வெள்ளணு உருவாவதற்கும் வேண்டிய சரக்கு புரதம். 70 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 85 முதல் 105 கிராம் புரதம் வேண்டும். நான்கு இட்லியில் சுமார் 8 கிராம்தான் இருக்கிறது, ரசம் சாதத்தில் அதைவிடக் குறைவு. இப்படிப் பட்டினி கிடக்கும் உடம்பு புண்ணை ஆற்றச் சொந்தத் தசையைக் கரைத்துக்கொண்டிருக்கும். காலையில் ஒரு முழு முட்டையும் இரண்டு வெள்ளைக்கருவும் 13 கிராம். மதியம் 100 கிராம் மீன் அல்லது கோழி 20 கிராம், கெட்டியான பருப்பு ஒரு கிண்ணம் 10 கிராம். மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 10 கிராம், இரவில் பனீரோ இன்னும் ஒரு துண்டு மீனோ 18 கிராம், பால், தயிர் சேர்த்து 12 கிராம். இதில் கிட்டத்தட்ட கணக்கு நேராகிவிடும். சைவம் என்றால் பனீர், சோயா, பயறு வகைகளைக் கூட்டுங்கள். க்ரியாட்டினின் ஏறியிருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மருத்துவமனை போய்ச் சேரும் வரை புண்ணின் மேல் மருந்துக்கடையில் கிடைக்கும் சீலிட்ட காஸ் பேடை வைத்து, லேசாக ஒட்டினால் போதும். மஞ்சள் தூள், தேங்காய் எண்ணெய், திருநீறு, ஆன்டிபயாடிக் பவுடர் எதுவும் வேண்டாம். பவுடர் கட்டியாகி ஓட்டையை அடைத்துவிடும், வெளியே வர வேண்டிய சீழ் உள்ளே திரும்பும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவதும் கெடுதல். பைக்கில் கூட்டிப் போகாதீர்கள். கார் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். பைபாஸுக்காகக் காலில் ரத்த நாளம் எடுத்திருந்தால் அந்தத் தையலையும், தொடை இடுக்கையும் ஒருமுறை பாருங்கள். அங்கே சிவந்து வீங்கியிருந்தால் அதையும் காட்டுங்கள்.

இருமலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அப்பா ராமிப்ரில் அல்லது எனாலாப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை போடுகிறார் என்றால், தொண்டையில் அரிப்போடு வரும் வறட்டு இருமலுக்கு அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு இருமலும் கம்பியை இழுக்கிறது. மாற்று மருந்து உண்டு, கேட்டு மாற்றச் சொல்லுங்கள். சளி இருந்தால் மடித்த துண்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். மலச்சிக்கலையும் விடக் கூடாது. இந்திய வகைக் கழிப்பறையில் குழாயைப் பிடித்து இழுத்து எழுவதும், கட்டிலில் மேலே தொங்கும் துணியைப் பிடித்து எழுவதும், பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்பதும் அறுத்த எலும்பை நேரடியாகப் பிரிக்கும் வேலைகள். ஒருக்களித்துப் படுத்து, கால்களைக் கீழே இறக்கி, முழங்கையை ஊன்றி எழுந்தால் நெஞ்சில் இழுப்பு வராது. மறுபடி மூடிய நாளிலிருந்து 12 வாரத்துக்கு 4 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பேரன் எல்லாம் அதில் அடக்கம்.

ஆறி முடிந்து மாதங்கள் கழித்துத் தழும்பில் ஒரு சிறு துளை விழுந்து, மூடுவதும் திறப்பதுமாக இருந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். உள்ளே ஒரு கம்பியிலோ குருத்தெலும்பிலோ மிச்சத் தொற்று இருக்கும். அப்போது திசுவை எடுத்துச் சாதாரணக் கல்ச்சரோடு, காசநோய்க் கிருமிக்கு ஜீன்எக்ஸ்பெர்ட் பரிசோதனையும், அதற்கும் அதன் இனத்துக் கிருமிகளுக்கும் தனிக் கல்ச்சரும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சாதாரணக் கல்ச்சரில் இவை பெரும்பாலும் தெரியாது, நம் நாட்டில் இதைத் தேட மறந்து மருந்து மாற்றி மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பது அடிக்கடி நடக்கிறது.

பேரன் தாத்தாவிடம் தாராளமாகப் போகலாம். இந்தத் தொற்று காற்றில் பரவாது, கையால்தான் பரவும். டிரெஸ்ஸிங்கைத் தொட்டவர் சோப்புப் போட்டு விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து 40 விநாடி கழுவிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். கழற்றிய காஸைப் பாலித்தீன் பையில் கட்டிப் போடுங்கள், துண்டும் சோப்பும் தாத்தாவுக்குத் தனியாக இருக்கட்டும். குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து விளையாடலாம், கதை கேட்கலாம். நெஞ்சில் ஏறிப் படுக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.